தொண்ணூத்தஞ்சுன்னு யார் சொன்னா?

கொஞ்சம் நீளமான பதிவு மக்கா. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க. நடுவுல சரித்திரம் வரும், கொஞ்சம் பிசிக்ஸ் வரும், ஒரே ஒரு சமன்பாடும் வரும். பயப்பட வேணாம், எனக்கே புரியுற அளவுக்குச் சின்ன சமன்பாடுதான்.

முதல்ல கொசுவத்தியைச் சுத்திடறேன்.

2021 மே மாசம். கொரோனா ரெண்டாவது அலை. ஆணி புடுங்குறதை வீட்டுல இருந்தே புடுங்குங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டதால நான் நீடாமங்கலத்துலதான் இருந்தேன். அப்பாயிக்கு நாலு நாளா காய்ச்சல். (அப்பாயின்னா அப்பாவோட அம்மா. எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.) எழுபது வயசு தாண்டிடுச்சு. நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு ஆயுசுல முக்காவாசியை வயல்ல கழிச்ச உடம்பு. வெயில்ல வெந்து வெந்து விரலெல்லாம் கருங்கல் மாதிரி இருக்கும்.

விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருந்தோம். முதல் அலையப்ப எண்ணூறு ரூபாய்க்குக் கிடைச்ச பொட்டி, அப்ப ரெண்டாயிரத்து ஐநூறு. மணிக்கு ஒரு தரம் மாட்டி நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன். 96, 95, 95, 96, 95. அரசாங்கம் சொன்ன கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம்: 94ம் அதுக்கு மேலயும் இருந்தா வீட்டுலயே பார்த்துக்கலாம், 90லேர்ந்து 93 வரைக்கும்னா நடுத்தரம், 90க்குக் கீழ போனா தீவிரம். நம்ம கணக்குப்படி அப்பாயி பாஸ்.

"ஏன்டா தம்பி, சும்மா சும்மா அதைப் போட்டு வெரலை நசுக்குற"ன்னு திட்டிக்கிட்டே இருந்துச்சு. பேசுறப்ப நடுநடுவுல மூச்சு வாங்குச்சு. நான் நோட்டைப் பார்த்தேன். 95. சரி, ஒண்ணும் இல்ல.

சாயங்காலம் எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்குற வயசான டாக்டர் ஒருத்தர் வந்து பார்த்தார். நோட்டை நீட்டினேன். வாங்கவே இல்லை. தன்னோட கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே முழுசா ஒரு நிமிஷம் அப்பாயியோட நெஞ்சையே பார்த்தார். "முப்பத்தி ரெண்டு. இருபதுக்குள்ள இருக்கணும் தம்பி. மிஷின் சொல்றதைச் சொல்லட்டும், நீங்க கெளம்புங்க"ன்னார்.

காரைப் பிடிச்சுக் கிளம்பினோம். எங்க ஊர் ரயில்வே கேட்டைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட் போட்டிருந்தாங்க. கூட்ஸ் வண்டி ஒண்ணு ஆடி அசைஞ்சு போய்க்கிட்டிருந்துச்சு. கார்ல உட்கார்ந்து மறுபடி மாட்டிப் பார்த்தேன். 95. "திரும்பிப் போயிடலாமா?"ன்னு அப்பா கேட்டார். நல்லவேளை, பின்னாடி வண்டிங்க வரிசையா நின்னதால திருப்ப முடியலை.

ஆஸ்பத்திரியில மணிக்கட்டுத் தமனியில இருந்து ரத்தம் எடுத்து மிஷின்ல போட்டுப் பார்த்தாங்க. 88.

பதினொரு நாள் ஆக்சிஜன்ல இருந்துட்டு அப்பாயி வீடு திரும்பிடுச்சு. இப்பவும் திண்ணையில உட்கார்ந்து போறவங்க வர்றவங்களை விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அந்த 95 மட்டும் என் மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. அந்த எண்ணை யார் சொன்னா? எதை வச்சுச் சொன்னா?

184 எண்கள்

இந்தக் கேள்வி என்னை இவ்வளவு குடைஞ்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இஞ்சினியரிங் கடைசி வருஷ புராஜெக்ட்டா நான் செஞ்சதே ஒரு ஆக்சிமீட்டர்தான்! ஆர்டுயினோ போர்டு ஒண்ணு, மேக்ஸ்30102ன்னு நகக்கண் அளவுல ஒரு சென்சார். நிரல்? வழக்கம்போல சுட்டதுதான். அந்தச் சிப்போட சேர்ந்து வர்ற மாதிரி நிரல்ல 184 எண்கள் உள்ள அட்டவணை ஒண்ணு இருக்கும். 95, 95, 95, 96ன்னு ஆரம்பிச்சு, 100 வரைக்கும் ஏறி, அப்புறம் மளமளன்னு இறங்கும். பக்கத்துல ஒரு குறிப்பு: இது -45.060, 30.354, 94.845ங்கிற மூணு எண்களை வச்ச ஒரு வளைகோடு.

வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டார், "இந்த நம்பர்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?" நான் கொஞ்சமும் யோசிக்காம, "பியர்-லாம்பர்ட் விதி சார்"னு அடிச்சு விட்டேன். அவரும் தலையாட்டிட்டு மார்க் போட்டுட்டார்.

அது தப்பு. அந்த எண்கள் எந்த விதியிலிருந்தும் வரலை. இந்த மாதிரி அட்டவணை எல்லாமே மனுஷங்க ரத்தத்துல இருந்து வர்றது. அது எப்படின்னு புரிய, கொஞ்சம் பின்னாடி போகணும்.

காதைப் பிழிந்த காலம்

ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தால் பளிச்சென்ற சிவப்பு, இல்லாவிட்டால் கருஞ்சிவப்பு. இதை ஒளியியல் பாஷையில் முதலில் சொன்னவர்கள் ஜெர்மனியின் ஹோப்பே-சைலரும் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸும். ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்ததே ஹோப்பே-சைலர்தான், 1864ல். அதே 1864ல் ஸ்டோக்ஸ், ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பொருள் எந்த நிறத்தை விழுங்குகிறது என்பது மாறுவதைக் காட்டினார்.

அப்படின்னா ஒளியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எவ்வளவு வருதுன்னு பார்த்தாப் போதுமே, ரத்தம் எடுக்காமலே ஆக்சிஜனை அளந்துடலாமே? கண்ணாடிக் குப்பியில இருக்குற ரத்தத்துக்கு இது சரி. மனுஷ உடம்புல ரத்தத்தோட தோல் இருக்கு, சதை இருக்கு, எலும்பு இருக்கு. வெளிச்சத்தைத் தமனி ரத்தம் தின்னது எவ்வளவு, மத்ததெல்லாம் தின்னது எவ்வளவுன்னு பிரிக்கிறது எப்படி?

1935ல் லைப்சிக் நகரில் கார்ல் மத்தேஸ், ரெண்டு நிற ஒளியைக் காது வழியாகச் செலுத்தி அளக்கும் கருவியைச் செய்தார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், உயரத்தில் பறக்கும் விமானிகள் மயங்கி விழும் பிரச்சினைக்காக அமெரிக்காவின் கிளென் மில்லிகன் இதை எடைகுறைந்த கருவியாக்கினார். 1942ல் 'ஆக்சிமீட்டர்' என்ற பெயரைக் கொடுத்தவர் அவர்தான். (பிளஸ் டூவுல எண்ணெய்த்துளி சோதனை படிச்சிருப்பீங்களே, அந்த ராபர்ட் மில்லிகனோட பையன். 1947ல மலையேற்ற விபத்துல செத்துப் போயிட்டார், பாவம்.)

1940களின் கடைசியில் மேயோ கிளினிக்கின் ஏர்ல் வுட் இதற்கு ஒரு வழி செய்தார். சின்னக் காற்றுப் பையை வைத்துக் காதை நசுக்கி, ரத்தத்தை முழுசாக வெளியேற்றி, அந்த வெறும் காதில் ஒரு அளவு எடுத்துக்கொள்வார். அப்புறம் விடுவார், ரத்தம் திரும்ப வரும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரத்தம் தின்ற ஒளி.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க, பின்னாடி தேவைப்படும். இந்தப் பழைய கருவிகள்ல ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா பூஜ்ஜியம் வைக்கணும். உங்க காதுக்கு உங்க காதுதான் அளவுகோல். தொல்லை பிடிச்ச வேலை. ஆனா உங்க தோல் கருப்போ சிவப்போ, அது அந்த முதல் அளவுலயே கழிஞ்சு போயிடும்.

இரைச்சலைத் துரத்தப் போன மனுஷன்

இப்ப ஜப்பானுக்குப் போவோம். டக்குவோ அயோயகி, 1936ல் நீகாட்டாவில் பிறந்தவர், மின்பொறியியல் படித்தவர். 1971ல் நிஹான் கோடன் என்ற மருத்துவக் கருவிக் கம்பெனியில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வேலை ஆக்சிஜனே இல்லை. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளப்பது. நரம்பில் ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றி, அது காது வழியாகப் போகும்போது ஒளியால் பிடிப்பது.

இதில் ஒரு இம்சை. நாடி துடிக்கத் துடிக்க அவரது வரைபடம் முழுக்க ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. அதைத் தொலைக்க ஒரு வித்தை செய்தார். சாயம் விழுங்காத இன்னொரு நிற ஒளியையும் சேர்த்து அனுப்பினால், அதிலும் இதே நாடித் துடிப்பு இருக்கும். ரெண்டையும் ஒன்றால் ஒன்றை ஈடுகட்டினால் துடிப்பு மறைந்துவிடும். மறைந்தது!

ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் அந்த ஈடு கெட்டுப் போய் ரம்பப் பல் மறுபடி தலைகாட்டியது.

நானா இருந்தா தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அயோயகி அந்த இடத்துலதான் நிமிர்ந்தார். துடிப்பு ஆக்சிஜனைப் பொறுத்து மாறுதுன்னா, துடிப்பை வச்சே ஆக்சிஜனை அளக்கலாமே? துடிக்கிறது எது? தமனி ரத்தம் மட்டும்தான். தோல் துடிக்காது, எலும்பு துடிக்காது. ஆக, ஒளியில ஏறி இறங்குற பகுதியை மட்டும் எடுத்துக்கிட்டா, காதைப் பிழியாமலே தமனி ரத்தம் தனியாப் பிரிஞ்சு வந்துடும்.

1974 மார்ச் 29 அன்று கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்த வருஷமே ஒசாகாவில் நடந்த கூட்டத்தில் அயோயகி இதை அறிவித்தார். சப்போரோவின் அறுவை மருத்துவர் சுசுமு நகாஜிமா நோயாளிகளிடம் முதலில் சோதித்துப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் கேமரா கம்பெனியான மினோல்டாவும் தனியாக இதே யோசனைக்கு வந்து, ஒரு மாசம்கூட ஆவதற்குள் ஏப்ரல் 24 அன்று விண்ணப்பித்தது. அமெரிக்கக் காப்புரிமை மினோல்டாவுக்குப் போனது. நிஹான் கோடன் கொஞ்ச காலத்தில் இந்த வேலையையே கைவிட்டது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பயாக்ஸ், நெல்கார் என்ற ரெண்டு கம்பெனிகள் இதைக் கையில் எடுத்தன. எல்.ஈ.டி. விளக்கு, ஒளி உணரி, மைக்ரோபிராசசர். 1983ல் வந்த நெல்காரின் என்-100 கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம் போடும். ஆக்சிஜன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். மயக்க மருந்து டாக்டர் திரையைப் பார்க்கவே வேண்டாம், காது போதும். (தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட ஊர்க்காரன்ங்கிற முறையில, இந்த யோசனைக்கு ஒரு சபாஷ்!) 1990 வாக்கில் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் இடமெல்லாம் இது கட்டாயமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இது ஒரு வரியாக இடம்பிடித்தது. அந்தப் பட்டியலைச் சோதித்துப் பார்த்த 8 ஊர்களில் நம்ம டெல்லியும் ஒன்று.

அந்த ஒரே ஒரு சமன்பாடு

இனிதான் விஷயமே. கருவி உள்ளே நடப்பது இவ்வளவுதான். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, ரெண்டும் மாறி மாறி விரலுக்குள் போகும். ஒவ்வொன்றிலும் துடிக்கிற பகுதியைத் துடிக்காத பகுதியால் வகுக்கணும். அப்புறம் சிவப்பை அகச்சிவப்பால் வகுக்கணும். கிடைக்கும் விகிதத்தின் பெயர் ஆர். புத்தகங்களில் தோராயமாகச் சொல்லும் சூத்திரம்:

ஆக்சிஜன் செறிவு = 110 - 25 × ஆர்

ஆர் 0.4 என்றால் 100. ஆர் 1 என்றால் 85. இதுலேர்ந்து ஒரு உபரித் தகவல்: கருவிக்கு நாடியே கிடைக்காம வெறும் ஆட்டமும் இரைச்சலும் மட்டும் வந்தா ரெண்டு ஒளியும் ஒண்ணாவே ஆடும், ஆர் ஒண்ணுக்குப் பக்கமா வரும், திரையில 85 பக்கமா ஒரு எண் வந்து நிக்கும். பார்க்கிறவன் பதறிப் போவான்.

சரி, 110 எங்கேர்ந்து வந்துச்சு? 25 எங்கேர்ந்து வந்துச்சு?

பியர்-லாம்பர்ட் விதியை அப்படியே போட்டுப் பார்த்தால் விடை சரியா வராது. அந்த விதி ஒளி நேர்கோட்டில் போவதாக நினைக்கிறது. விரலுக்குள் ஒளி நேராகப் போவதில்லை. திருவிழாக் கூட்டத்துல மாட்டின ஆள் மாதிரி நாலா பக்கமும் இடிபட்டு, சுத்தி வந்துதான் வெளியே வரும். சிவப்பு ஒரு வழி, அகச்சிவப்பு ஒரு வழி. இப்படிச் சிதறும் ஒளிக்கான கணிதம் இருக்கு. நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் நட்சத்திரங்களின் வளிமண்டலத்துக்காக 1950ல் வெளியிட்ட 'கதிர்வீச்சுப் பரிமாற்றம்' பற்றிய புத்தகத்தை இன்னைக்கு உடல் திசுக்களில் ஒளி ஆராய்ச்சி செய்பவர்களும் புரட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆளோட விரலும் உள்ளே எப்படி இருக்குன்னு தெரியாதப்ப, கணிதத்தை மட்டும் வச்சு எண் சொல்ல முடியலை.

அதனால கம்பெனிகள் செஞ்சது குறுக்கு வழி. ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்க வைத்து, மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகி, நைட்ரஜன் கூட்டிய காற்றைச் சுவாசிக்க வைப்பார்கள். ஆக்சிஜன் 100லிருந்து 70 வரை படிப்படியாக இறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் ரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியில் உண்மைச் செறிவைப் பார்ப்பார்கள். அதே நொடியில் விரலில் மாட்டிய கருவி காட்டிய ஆர் என்ன என்று குறிப்பார்கள். இவ்வளவு ஆர் வந்தால் இவ்வளவு செறிவு என்று புள்ளி புள்ளியாக வைத்து ஒரு கோடு இழுத்தால், அதுதான் அட்டவணை. அதுதான் கருவியின் நினைவகத்தில் போய் உட்காரும். 70க்குக் கீழே மனுஷனை இறக்கினால் ஆபத்து என்பதால், அதற்குக் கீழே உள்ள எண்களெல்லாம் கோட்டை நீட்டிப் பார்த்து வைத்தவைதான்.

டெல்டாக்காரங்களுக்கு இது புதுசில்லை. நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பார்க்குற மிஷினும் இதே கதைதான். அது தண்ணியை அளக்கிறதில்லை. நெல்லோட மின்சாரக் குணத்தை அளக்குது. அடுப்புல காய வச்சு எடை பார்த்து முன்னாடியே போட்டு வச்ச கணக்கோட ஒப்பிட்டு ஒரு எண்ணைச் சொல்லுது. அந்த எண் 17க்கு மேல போச்சுன்னா நெல்லை ரோட்டுல கொட்டிக் காய வைக்கணும். உள்ள இருக்குற கணக்கு வேற ரகத்து நெல்லுக்குப் போட்டதா இருந்தா? நெல்லு ஒண்ணும் சொல்லாது.

யாருடைய மரக்கால்?

அயோயகி வழியில ஒரு பெரிய சௌகரியம் கிடைச்சுது. ஒவ்வொரு ஆளுக்கும் பூஜ்ஜியம் வைக்க வேணாம். கிளிப்பை மாட்டினாப் போதும். ஆனா அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை இருந்துச்சு. முன்னாடி என் காதுக்கு என் காதே அளவுகோல். இப்ப என் விரலுக்கு அளவுகோல், எங்கேயோ ஒரு ஆய்வகத்துல படுத்திருந்த யாரோ சிலரோட ரத்தம்.

யார் அந்தச் சிலர்?

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள் என்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கருந்தோல் உள்ளவர்கள் குறைந்தது 2 பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. 'கருந்தோல்' என்றால் எவ்வளவு கருப்பு என்று அதில் வரையறை கிடையாது. பத்துப் பேரில் ரெண்டு பேர்! விரலை ஊடுருவும் கருவியில் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் பிழை 3 புள்ளி. அதற்கு அர்த்தம், ஏறக்குறைய மூன்றில் ரெண்டு அளவீடுகள் 3 புள்ளிக்குள் இருக்கும், மிச்சம் அதையும் தாண்டும் என்பதுதான். அதாவது நல்ல கருவியிலேயே 95ங்கிறது 92ஆகவும் இருக்கலாம், 98ஆகவும் இருக்கலாம்.

தோல் நிறம் பற்றிய சந்தேகம் ஒன்றும் நேத்து முளைத்ததல்ல. 1990லேயே ஜுப்ரான், டோபின் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கறுப்பின நோயாளிகளிடம் பிழை அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். 2005ல் சான் பிரான்சிஸ்கோவில் பிக்லர், ஃபைனர், செவரிங்ஹவுஸ் மூவரும் ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஆக்சிஜன் இறங்க இறங்க, கருந்தோலில் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டின. கவனிங்க, குறைச்சு இல்லை, கூட்டி. நல்லா இருக்குறதா பொய் சொல்ற பிழை.

ஆனாலும் உலகம் முழிச்சுப் பார்த்தது 2020 டிசம்பரில்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷோடிங்கும் சகாக்களும் மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். கருவி 92லிருந்து 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையில் 88க்கும் குறைவாக இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட புது வரைவில் ஆள் எண்ணிக்கை 150ஆக உயர்ந்தது. தோல் நிறத்தையும் 10 படி கொண்ட மாங்க் அளவுகோலில் பார்த்துச் சேர்க்கச் சொன்னார்கள். முதல் எச்சரிக்கைக்கும் இதுக்கும் நடுவுல 35 வருஷம்.

இதைப் படிச்சப்ப எனக்கு அப்பாயி சொன்ன ஒரு கதைதான் ஞாபகம் வந்துச்சு. அதோட அம்மா காலத்துல பண்ணையில கூலி நெல் அளக்குற மரக்காலும், குத்தகை நெல் வாங்குற மரக்காலும் ஒண்ணா இருக்காதாம். கொடுக்குறது சின்னது, வாங்குறது பெருசு. பேரு ரெண்டுக்கும் மரக்கால்தான். 1940கள்ல பி. சீனிவாசராவ் முன்ன நின்னு நடத்தின விவசாயிகள் சங்கப் போராட்டங்கள்ல, முத்திரை போட்ட மரக்கால்லதான் கூலி அளக்கணும்ங்கிறது ஒரு முக்கியமான கோரிக்கை. கூலியை ஏத்திக் கொடுங்கிறதுக்கு முன்னாடி, அளக்குற பாத்திரத்தை ஒழுங்காக்குன்னு கேட்டவங்க எங்க சனங்க.

ஆக்சிமீட்டர்ல யாரும் வேணும்னு ஏமாத்தலை, அந்த வித்தியாசம் பெருசு. ஆய்வகத்துக்குப் பக்கத்துல யார் கிடைச்சாங்களோ அவங்களை வச்சு அளந்தாங்க, அவ்வளவுதான். ஆனா நெல்லு குறையுறது ரெண்டுலயும் ஒரே ஆளுக்குத்தான்.

அயோயகிக்கும் திருப்தி இல்லை

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். இந்த அட்டவணை முறையில் அயோயகிக்கே திருப்தி இல்லை. தன்னார்வலர்களின் ரத்தத்தை வைத்துக் கோடு இழுப்பது தற்காலிக ஏற்பாடு, சரியான கோட்பாடு இருந்தால் அது தேவைப்படாது என்று நினைத்தார். சிதறலையும் சதையின் அசைவையும் சேர்த்துக் கணக்குப் போட, ரெண்டு நிறத்துக்குப் பதிலாக அதிக நிறங்களை வைத்து அளக்கும் முறையில் வயதான காலத்திலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1993ல், ஐம்பத்தேழு வயதில்தான் டாக்டர் பட்டமே வாங்கினார். இதைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று மேற்குலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், மேலே சொன்ன அதே செவரிங்ஹவுஸ்தான். 2015ல் ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் மருத்துவத் தொழில்நுட்பப் பதக்கம் வந்தது.

2020 ஏப்ரல் 18 அன்று டோக்கியோவில் அயோயகி காலமானார். உலகம் பூரா அவரோட கருவியைத் தேடிக் கடை கடையா அலைய ஆரம்பிச்ச நேரம்.

ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். அப்பாயியோட 95க்குத் தோல் நிறம்தான் காரணம்னு நான் சொல்ல வரலை, அதை நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. கை சில்லுனு இருந்திருக்கலாம், ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கலாம், வயல் வேலையில தடிச்ச விரல் நுனி காரணமா இருக்கலாம், அந்தப் பொட்டியே தரமில்லாததா இருக்கலாம். நடுவுல உள்ள பேனாவை மாட்டினாக்கூட எண் காட்டுற பொட்டிங்களோட வீடியோ அந்த வருஷம் வாட்ஸப்புல சுத்துனது ஞாபகம் இருக்கா? எதுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சது, நான் அன்னைக்கு எண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கலை. பக்கத்துலயே மூச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்த அப்பாயியை விட, யாரோ பத்துப் பேர் ரத்தத்துல போட்ட கோட்டை நம்பினேன்.

அந்தக் கருவியைக் குறை சொல்லி யாரும் தூக்கிப் போட்டுடாதீங்க. உலகம் பூரா ஆபரேஷன் தியேட்டர்கள்ல எத்தனையோ உசுரைக் காப்பாத்தின பொட்டி அது. வீட்டுல பார்க்குறப்ப விரலைத் தேய்ச்சுச் சூடாக்கிட்டு, நகப்பூச்சு இருந்தா அழிச்சுட்டு, ஒரு நிமிஷம் அசையாம வச்சுப் பாருங்க. ஒத்தை எண்ணை விட நேத்தைக்கும் இன்னைக்கும் எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் முக்கியம். கூடவே கடிகாரத்தை எடுத்து மூச்சை எண்ணுங்க. அதுக்கு அட்டவணை தேவையில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பழைய லேப்டாப்பைத் தோண்டி அந்தக் கல்லூரி புராஜெக்ட் நிரலைத் திறந்தேன். 184 எண்களும் அப்படியே இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு குறிப்பு வரி சேர்த்தேன்: "இந்த எண்கள் விதியிலிருந்து வந்தவை அல்ல. யாரோ சிலருடைய ரத்தத்திலிருந்து வந்தவை. அப்பாயி இதில் இல்லை."

பக்கத்துல வந்து எட்டிப் பார்த்த அப்பாயி, "என்னடா எழுதுற?"ன்னு கேட்டுச்சு. உன்னைப் பத்தித்தான்னு சொன்னேன். "அந்த கிளிப்பு மட்டும் வேணாம்டா"ன்னுட்டு திண்ணைக்குப் போயிடுச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உடம்புக்கு முடியலைன்னா பதிவைப் படிக்காம டாக்டரைப் பாருங்க. உங்க வீட்டுலயும் இந்த மாதிரி எண் ஒண்ணு சொல்லி, ஆள் வேற ஒண்ணு சொன்ன அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.